கப்பலில் எந்தப் பந்திக்கு உட்காருவது?

கேள்வி: நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். மே மாத லீவில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். பினாங்கு, புக்கெட் போய்விட்டு சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல். நான், வீட்டுக்காரர், ஐந்து வயது மகன், இரண்டரை வயது மகள், 67 வயது மாமியார் என ஐந்து பேர். மாமியார் சுத்த சைவம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்துக் கொடுக்கச் சொல்லிப் படிவம் வந்திருக்கிறது. மாலை 5.30, இரவு 8.00, இல்லையென்றால் 'எப்போது வேண்டுமானாலும்'. சின்னக் குழந்தைகள் இருந்தால் 5.30தான் சரி என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் என்று போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் எட்டரைக்கு முன்னால் யாரும் சாப்பிட்டதே இல்லை. எதைப் போடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

8.00 மணியைப் போடுங்கள். காரணத்தை விவரமாகவே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் புறப்படுகிற வாரத்தில் நாலு பேர், "குழந்தைகளை வைத்துக்கொண்டு எட்டு மணிக்கா?" என்று கேட்டதும் உங்களுக்கு மனசு மாறிவிடும்.

கப்பலின் பெரிய உணவுக்கூடத்தில் எல்லாப் பயணிகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க இடம் கிடையாது. அதனால் நம் கல்யாண மண்டபம் மாதிரியே பந்தி வைக்கிறார்கள். முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாம் பந்தி எட்டு மணியை ஒட்டி. எந்தப் பந்தியைக் கேட்டீர்களோ அதில் உங்களுக்கு ஒரு மேஜை எண் கொடுத்துவிடுவார்கள். பயணம் முடியும்வரை அதே மேஜை, பரிமாறுகிறவரும் அதே ஆள். 'எப்போது வேண்டுமானாலும்' என்பது பின்னால் வந்த ஏற்பாடு. நார்வீஜியன் நிறுவனம் 2000-இல் தொடங்கி வைத்தது. பிறகு ராயல் கரீபியன் 'மை டைம்' என்றும் கார்னிவல் 'யுவர் டைம்' என்றும் ஆளுக்கொரு பெயர் வைத்துக் கொண்டுவந்தன.

குழந்தை இருந்தால் முதல் பந்தி என்ற பேச்சு அமெரிக்கக் குடும்பங்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அது சரிதான். ஆறு மணிக்கே வீட்டில் சாப்பாட்டை முடித்து, எட்டு மணிக்குப் பிள்ளையைப் படுக்க வைத்துவிடுகிறவர்கள். ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறினால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கடிகாரத்தில் பெரிய மாற்றமும் இல்லை. அதே பேச்சை நாம் அப்படியே எடுத்து, சேலத்தில் எட்டரைக்குச் சாப்பிடுகிற பிள்ளையை சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய் ஐந்தரைக்கு உட்கார வைக்கிறோம். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 5.30 என்றால் அஸ்தம்பட்டியில் பிற்பகல் மூன்று மணி. உங்கள் மகள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குத் தூங்கி மூன்றரைக்கு எழுகிற பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கப்பல் நேரப்படி அந்தத் தூக்கம் நான்கிலிருந்து ஆறு மணிவரை. முதல் பந்திக்குப் போக வேண்டுமானால் நடுத்தூக்கத்தில் எழுப்பி, கவுன் மாட்டி, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வயிற்றில் மத்தியானச் சாப்பாடு அப்படியே இருக்கும். எட்டு மணி என்றால் நம் ஊரில் ஐந்தரை. தெருமுனை வண்டியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்கச் சொல்லி உங்கள் மகன் நச்சரிக்கிற நேரம். அந்த நேரத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் பசி இருக்கும், தூக்கம் இருக்காது.

இதை நான் என் மகளிடம்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருந்துகொண்டும், ஊரார் சொல்வதைக் கேட்டு முதல் பந்திதான் போட்டிருந்தேன். கப்பலில் முதல் நாள். வெள்ளை விரிப்பு போட்ட மேஜை. அவளுக்கு உயரமான நாற்காலி. கையில் வண்ணப் பென்சில். சூப் வருவதற்குள் பென்சில் கீழே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கன்னத்தை மேஜை விரிப்பில் வைத்துத் தூங்கிப்போனாள். பரிமாறிய பையன் ஒன்றும் பேசாமல் முள்கரண்டியையும் கண்ணாடி டம்ளரையும் எட்ட நகர்த்தி வைத்தான். ஒரு துணி நாப்கினை மடித்து அவள் கன்னத்துக்கு அடியில் கொடுத்தான். அவளுக்கென்று வந்த பாஸ்தாவை அப்படியே திருப்பி அனுப்பினோம்.

இரவு 10.45-க்கு அறையில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். பெரிய உணவுக்கூடம் மூடியாகிவிட்டது. பஃபேயும் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகத் தேடி, கடைசியில் ஆறிப்போன பீட்சா ஒரு துண்டு கிடைத்தது. அதன் மேலே மிளகாய். அவள் அழ அழ அதைத் துடைத்துத் துடைத்து ஊட்டினேன். ஊட்டும்போதுதான் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஊர் நேரத்திலேயே விட்டிருந்தார். எட்டே கால். தினமும் எங்கள் வீட்டில் அவளுக்குத் தட்டு வைக்கிற நேரம். பிள்ளையின் வயிறு சேலத்திலேயே இருக்கிறது, அவசரப்பட்டது நான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து கிழக்கே போகிற எந்தக் குடும்பத்துக்கும் நான் முதல் பந்தி போடுவதில்லை.

நான்கு இரவுக்காகப் பிள்ளைகளைச் சிங்கப்பூர் நேரத்துக்குப் பழக்க வேண்டியதில்லை. பழகி முடிக்கும்போது திரும்புகிற விமானம் ஏறியிருப்பீர்கள். ஊர் நேரத்திலேயே விட்டுவிட்டு, நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு எழட்டும். அது நம் ஆறரை. உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் காலை உணவு அதற்குள் முடிகிற கட்டத்துக்கு வந்திருக்கும். மேல்தளத்துப் பஃபே இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அங்கே போங்கள். மத்தியானச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு. பஃபே எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை மட்டும் அன்றன்றைய நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தூக்கம். ஆறு மணிக்கு எழுந்ததும் பாலும் ஒரு வாழைப்பழமும். அதற்குமேல் கொடுக்காதீர்கள். ஏழு மணிக்கு அரங்கத்தில் முதல் காட்சி ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு மேஜைக்கு வந்துவிடலாம். இரண்டாம் பந்திக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் காட்சி பார்க்கிற மாதிரிதான் பெரும்பாலும் நேரம் வைப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எட்டு மணிச் சாப்பாடு உங்கள் பிள்ளைகளுக்கு முழு இரவுச் சாப்பாடு ஆகாது. ஊர் நேரத்தில் அது ஐந்தரைதானே. படுப்பதற்கு முன் பதினொரு மணிவாக்கில் திரும்பப் பசிக்கும். அதற்கு அறையில் ஏதாவது இருக்க வேண்டும். பஃபேயிலிருந்து பழமும் ரொட்டியும் அறைக்கு எடுத்து வரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். துறைமுகத்தில் இறங்கும்போது மட்டும் பழம், சமைத்த உணவு எதையும் கையில் எடுத்துப் போகக்கூடாது. பாலுக்கு ராத்திரிச் சாப்பாடு முடியும்போதே சொல்லிவைத்து ஒரு டம்ளர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து போகிற குடும்பங்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, சின்னதாக ஒரு ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா என்பது. கூடாது. கெட்டிலும் கூடாது. சூடேற்றுகிற எந்தச் சாமானையும் தீப்பிடிக்கும் அபாயத்தால் கப்பலில் விடமாட்டார்கள். பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வீட்டில் கிண்டிய புளிசாதமும் உள்ளே போகாது. கடையில் சீல் போட்ட தட்டுவடை, முறுக்குப் பாக்கெட் போகும். தயிர்சாதத்துக்கு வழி இருக்கிறது. வெறும் சாதமும் சர்க்கரை போடாத தயிரும் வேண்டும் என்று முதல் நாளே மேஜையில் கேளுங்கள். 'யோகர்ட்' என்று மட்டும் சொன்னால் ஸ்ட்ராபெரி போட்டது வந்து நிற்கும். 'ப்ளெயின் யோகர்ட்' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் நீங்கள் கேட்காமலேயே வந்துவிடும்.

அப்படி வருவதற்காகத்தான், உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற 'எப்போது வேண்டுமானாலும்' ஏற்பாட்டைவிட இந்தக் குறித்த மேஜை எனக்குப் பிடிக்கிறது. ஒரே ஆள் தினமும் பரிமாறும்போது, பையனுக்குக் காரம் ஆகாது, பாப்பாவுக்கு உயர நாற்காலி வேண்டும், பாட்டிக்கு முட்டை கூடாது என்பதெல்லாம் இரண்டாம் ராத்திரிக்குள் அவருக்கு மனப்பாடம். மேஜைக்கு வந்ததும் வண்ணப் பென்சில் தயாராக இருக்கும். நேரம் குறிக்காத ஏற்பாட்டில் ஏழு, ஏழரைக்கு வாசலில் வரிசை நிற்கும். இரண்டரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் இருபது நிமிஷம் நின்றால் உள்ளே போவதற்குள்ளேயே பாதிப் பொறுமை போய்விடும். ஆனால் அவர் யோசனையை நான் தள்ளிவிடவில்லை. உங்கள் கப்பலில் 8.00 மணிப் பந்தி நிரம்பிவிட்டது என்று பதில் வந்தால் 5.30-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்கிற ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டு, நான்கு இரவுக்கும் எட்டு மணி என்று முன்கூட்டியே செயலியில் பதிவு செய்துவிடுங்கள். முதல் நாள் உட்கார்ந்த பகுதியிலேயே தினமும் இடம் தரச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்பது தனி விஷயம். அந்தச் சாப்பாடு நம் ஹோட்டல் சாப்பாடு மாதிரி ஒரே தட்டில் வந்துவிடாது. முதலில் ரொட்டியும் வெண்ணெயும், பிறகு சூப்போ சாலடோ, பிறகு முக்கியச் சாப்பாடு, கடைசியில் இனிப்பு. ஒன்றரை மணி நேரம் ஆகும். எல்லோரும் உடுத்திக்கொண்டு வருகிற விசேஷ ராத்திரியில் இன்னும் கூட ஆகும். இந்த மே மாதத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரிமாற நேரம் எடுக்கிற ஒரு ஹோட்டலுக்குச் சேலத்திலேயே போய்ப் பாருங்கள். செல்போனை யாரும் வெளியே எடுக்காமல், பிள்ளைகள் இருவரும் எத்தனை நிமிஷம் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லி அனுப்பிய குடும்பங்களில் இருபத்தைந்து நிமிஷத்தைத் தாண்டிய மூன்று வயதுப் பிள்ளை குறைவு. எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் கப்பலில் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளலாம்.

உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம், குழந்தைகள் சாப்பாட்டை முதலில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு சூப் வரும்போது பிள்ளைகளுக்குப் பாஸ்தா வந்துவிடும். ரொட்டிக் கூடையை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பசியோடு வந்த பிள்ளை வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டைத் தின்றுவிட்டால் வேறு எதையும் தொடாது. அவர்களுக்குச் சாப்பாடு முடிந்ததும் ஐஸ்கிரீமுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களில் ஒருவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள், ஒரு ராத்திரி நீங்கள், ஒரு ராத்திரி அவர். இதை முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டால் மேஜையில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. தினமும் நீங்களே எழுந்து போகிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எத்தனையோ அம்மாக்கள் நான்கு இரவும் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்ததை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மகனுக்குக் குழந்தைகள் கிளப் உண்டு. அதில் சேர மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பர் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கப்பல்களில் விதி. வயதைக் கப்பல் ஏறுகிற நாளில் கணக்கிடுவார்கள். அதனால் பாப்பாவுக்கு இந்தமுறை கிடையாது. சில கப்பல்களில் பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறி, முக்கால் மணி நேரம் போல ஆனதும் கிளப் ஊழியர்களே உணவுக்கூட வாசலுக்கு வந்து அழைத்துப்போகிறார்கள். டிஸ்னி கப்பல்களில் இதை இரண்டாம் பந்திக்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். உங்கள் கப்பலில் உண்டா என்று முகவரிடம் கேளுங்கள். பையன் புது இடத்தில் அழுகிறவன் என்றால் முதல் நாள் பகலிலேயே கூட்டிப்போய் அந்த அறையையும் அங்கே இருப்பவர்களையும் காட்டிவிடுங்கள். திடீரென்று ராத்திரி எட்டே முக்காலுக்கு வேற்று ஆள் வந்து கையைப் பிடித்தால் பிள்ளை போகமாட்டான்.

இனி உங்கள் மாமியார். நான் டாக்டர் இல்லை. ஆனால் சர்க்கரை உள்ள பெரியவர்களோடு பலமுறை பயணம் அனுப்பியிருக்கிறேன், அதனால் இதில் கவலைப்பட எனக்குக் காரணம் உண்டு. சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்டு உடனே சாப்பிட வேண்டியவை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்காக அரைமணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். ஆகவே சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா, ஊர் நேரப்படியா கப்பல் நேரப்படியா என்பதை அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி வரும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை அறைக்கு வந்து சேர சாயங்காலம், சில சமயம் ராத்திரி ஆகிவிடும். பாப்பாவின் டயப்பர், மாற்றுத் துணி, பால் புட்டி எல்லாவற்றுக்கும் இதேதான்.

சைவத்தைப் பொறுத்தவரை 'வெஜிடேரியன்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது. அந்தச் சொல்லுக்குள் முட்டையும் வரும் என்று நினைக்கிற சமையல்காரர்கள் உண்டு. காய்கறி சூப்பைக் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். தாய்லாந்துப் பக்கத்துச் சமையலில் மீன் சாறு சேரும். படிவத்தில் 'இந்திய சைவம், முட்டை இல்லை, மீன் இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். முதல் ராத்திரி பரிமாறுகிறவரிடம் அடுத்த நாள் உணவுப் பட்டியலைக் காட்டச் சொல்லி, அம்மாவுக்கு வேண்டியதை அப்போதே சொல்லிவிட்டால் சப்பாத்தி, பருப்பு, காய் என்று தனியாகச் செய்து வைப்பார்கள். குறித்த மேஜையின் இன்னொரு வசதி இது. பினாங்கில் அவருக்கு ஒரு பொழுதாவது வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடந்து போகிற தூரம்தான். 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. கடைப் பலகைகள் பலவற்றில் தமிழும் இருக்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு மத்தியானம் இலைச் சாப்பாடே சாப்பிடலாம். நாலு மணிக்குமேல் மட்டும் வடை, போண்டா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எட்டு மணிக்கு மேஜையில் யாருக்கும் பசி இருக்காது.

புக்கெட் நாளில் 5.30 பந்தி எப்படியும் நடக்காது. அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கரையை ஒட்டி நிற்பதில்லை. கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். திரும்பும்போது படகுக்கு வரிசை, ஏறி இறங்கி, மணலும் வியர்வையுமாகப் பிள்ளைகள் அறைக்கு வர ஐந்து, ஆறு ஆகிவிடும். தாய்லாந்துக் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் வேறு. கரையை நெருங்கியதும் செல்போன் தானாக அந்த நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் நேரத்திலேயே போய்க்கொண்டிருக்கலாம். கப்பல் நேரத்தை வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டாயம் யாராவது கட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் படகைத் தவறவிடக்கூடாது என்பதற்கும் அது வேண்டும்.

குமட்டலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மே மாதம் என்பதால் சொல்கிறேன். மலாக்கா ஜலசந்தி பெரும்பாலும் அமைதியான தண்ணீர். புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று அலையை எழுப்பும், கப்பல் கொஞ்சம் ஆடும். உங்கள் மகன் ஆடினால் தாங்குவானா என்பதை அறிய ஏற்காட்டு மலைப்பாதை போதும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் பன்னிரண்டாவது வளைவுக்குள் வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால், போவதற்கு முன் குழந்தைகள் டாக்டரிடம் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலை ஏறும்போது நாம் என்ன செய்வோமோ அதைத்தான் கப்பலிலும் செய்ய வேண்டும். வயிறு முட்ட ஊட்டவும் கூடாது, வெறும் வயிற்றோடு விடவும் கூடாது. இட்லி அளவுக்கு லேசாக ஏதாவது கொடுத்து, ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்க வைக்க வேண்டும். உணவுக்கூடத்தில் கப்பலின் நடுப்பகுதிக்கு அருகே, கீழ்த்தளத்தில் மேஜை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும்.

பந்தி நேரத்தைத் தவறவிட்டால் அபராதம் கேட்பார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் களைத்திருந்தால் அன்றைக்கு மேல்தளத்துப் பஃபேயில் முடித்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி அநேகமாக அப்படித்தான் ஆகும். திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ ராத்திரி விமானம் பிடித்து, விடிகாலையில் சிங்கப்பூரில் இறங்கி, அன்றைக்கே கப்பல் ஏறுவதாக இருந்தால் நிச்சயம் அப்படித்தான். முடிந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்த் தங்கிவிடுங்கள். அந்த ஒரு நாள் அறை வாடகையைச் செலவாக நினைக்காதீர்கள். விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது.

கடைசி ராத்திரியில் எட்டு மணிப் பந்திக்கு ஒரு சங்கடம் உண்டு. பெரிய பெட்டிகளை அன்று ராத்திரியே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். பத்து மணிக்குச் சாப்பிட்டு வந்து, தூங்காத இரண்டு பிள்ளைகளோடு பெட்டி கட்டுவது பெரும்பாடு. பாப்பா தூங்குகிற நாலு மணிக்கே பெட்டியைக் கட்டிவிட்டு, மறுநாள் போடுகிற துணியை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். மறுநாள் ஏழு, எட்டு மணிக்கு இறங்கச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அது விடியாத நேரம், நம் ஊரில் நாலரை, ஐந்தரை. அன்றைக்கு மட்டும் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. பஃபேயில் நின்று ஊட்டப் பார்க்காமல், பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் வைத்திருந்து விமான நிலையத்தில் கொடுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இரண்டாம் பந்தி சொன்னது சிங்கப்பூர்ப் பக்கம் போகிற இந்தக் குடும்பத்துக்கு. மேற்கே போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்; அங்கே ஆறு மணி என்றால் நமக்கு ஏழரை, பிள்ளைக்குச் சரியான சாப்பாட்டு நேரம். எட்டரைப் பந்தி நமக்குப் பத்து மணி ஆகிவிடும். கோடையில் பார்சிலோனாவில் கப்பல் ஏறினால் வித்தியாசம் மூன்றரை மணி நேரம். அங்கே ஆறு மணிப் பந்தியே நம் ஒன்பதரை. இரண்டாம் பந்தியில் பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கும். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு முதல் பந்திதான். சென்னையிலோ மும்பையிலோ கப்பல் ஏறினால் கடிகாரம் மாறாது. வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரி, படிவத்தை இந்த வாரமே திருப்பி அனுப்பிவிடுங்கள். பந்தி இடம், கேட்கிற வரிசைப்படிதான் நிரம்பும். 8.00 மணிக்கு எதிரே குறி போட்டு, கீழே ஐந்து பேருக்கும் ஒரே மேஜை, ஒரு உயர நாற்காலி, ஒருவருக்கு இந்திய சைவம் என்று எழுதுங்கள். டாக்டரிடம் போய்வந்த பிறகு மாமியார் விஷயத்தில் ஏதாவது மாற்றம் இருந்தால் முகவருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். கப்பல் ஏறிய அன்று மத்தியானம் உணவுக்கூட மேலாளர் மேஜை மாற்றங்களுக்காகவே ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருப்பார். அங்கே போய் உங்கள் மேஜை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.